கட்டாய டியூட்டி

எனக்குக் கருமுட்டை எந்தத் தேதியில் வெளியாகும் என்பது எங்கள் டிப்போவில் நூற்றுப் பதினேழு பேருக்குத் தெரியும். டயருக்குக் காற்றடிப்பவர் உட்பட. கேண்டீனில் டீ போடுகிறவர் டிப்போவின் போன் குழுவில் இல்லை. அவர் மட்டும் ஏமாந்துவிடக் கூடாதே என்று யாரோ நேரில் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

இந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவர் வேறு யாருமில்லை, என் கணவர்தான்.

நான் பஸ் ஓட்டுகிறேன். ஆறு வருஷமாக ஒரே வழித்தடம், பன்னிரண்டாம் நம்பர். அதனால் டிப்போவில் எனக்குப் 'பன்னெண்டு' என்று பெயர். அவர் அதே டிப்போவில் ஆபீஸ் வேலை. எந்த டிரைவர் எந்தத் தேதியில் எந்த பஸ்ஸை எடுக்க வேண்டும் என்று மாதாமாதம் டியூட்டி சார்ட் போடுகிறவர். அவருக்குப் பெயர் 'சார்ட்டு'. கல்யாணம் ஆன புதிதில் எங்களுக்குள் நடந்த முதல் சண்டையே அந்தச் சார்ட்டை வைத்துத்தான். ஊரில் உள்ள சோம்பேறிகளுக்கெல்லாம் நல்ல ஷிஃப்டாகக் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் ஒரு வாரம் விடிகாலை, அடுத்த வாரம் மதியம் என்று மாற்றி மாற்றிப் போடுவார். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அவ்வளவு நேர்மையான மனுஷன்.

குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நாங்கள் முடிவு செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முடிவு செய்தால் ஆகிவிடும் என்று நினைத்த முட்டாள் நான். முதல் மாதம் சிரிப்பும் விளையாட்டுமாகப் போனது. மூன்றாவது மாதம் தெர்மாமீட்டர் வாங்கினேன். கண் விழித்ததும் எழுந்திருக்காமல், வாயைத் திறந்து பேசாமல், நாக்குக்கு அடியில் வைத்துப் பார்க்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். நானோ ஒரு வாரம் நாலு மணிக்கு எழுந்திருப்பவள், அடுத்த வாரம் எட்டு மணிக்கு. என் வெப்பக் கோடு ஏறும், இறங்கும், திடீரென்று குதிக்கும், ஒரு எழவும் புரியாது. நாலாவது மாதம் ஸ்ட்ரிப் வாங்கினேன். சிறுநீரில் நனைத்து ஐந்து நிமிஷம் வைத்திருந்தால் கோடு தெரியும். இரண்டாவது கோடு முதல் கோட்டைப் போல அழுத்தமாக வந்தால், ஒன்றிரண்டு நாளில் முட்டை வெளியாகும் என்று பொருள். எனக்கு அந்த இரண்டாவது கோடு 'நான் இருக்கேனா இல்லையா, சொல்லு பார்க்கலாம்' என்று கண்ணாமூச்சி ஆடும். ஜன்னலோரம் பிடித்துப் பார்ப்பேன். டார்ச் அடித்துப் பார்ப்பேன். போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பேன். 

ஒருநாள் கடைசி நிறுத்தத்துக் கழிப்பறையில் இப்படி டார்ச் அடித்துக்கொண்டு நின்றதில் ஆறு நிமிஷம் போய்விட்டது. வெளியே வந்தால் பஸ் நிறைய ஆள். என் கண்டக்டர் படியில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு டிப்போவில் 'விசில்' என்று பெயர், வாயும் அப்படித்தான்.

"என்னக்கா, உள்ளயே தூங்கிட்டியா?" என்றாள்.

முன் சீட்டில் இருந்த ஒரு நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் மாத்திவிட வேண்டியவ அங்க காத்துக்கிட்டிருப்பா" என்று முனகினாள். எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டாம் நம்பர் மழையில் தாமதமாகியிருக்கிறது, ரோடு வெட்டிப் போட்டதில் தாமதமாகியிருக்கிறது. என்னால் தாமதமானது அதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு கோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றதற்காக. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

மறுநாளே டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் என் எட்டு மாதத்து நோட்டையும் பொறுமையாகப் புரட்டினார்.

"வயசு முப்பத்தொண்ணு. மாசா மாசம் சரியா வருது. எட்டு மாசம்தான் ஆகுது. இதுல பயப்பட என்ன இருக்கு? ஒரு வருஷம் ஆகட்டும், அப்பவும் ஆகலைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. ரெண்டு பேருக்கும்தான் டெஸ்ட், உனக்கு மட்டும் இல்ல."

"இந்த தெர்மாமீட்டர்?"

"வெப்பம் ஏறுச்சுன்னா முட்டை ஏற்கெனவே வந்தாச்சுன்னு அர்த்தம். பஸ் போனப்புறம் ஸ்டாப்புக்கு ஓடி வந்து என்ன பிரயோஜனம்? அதுவும் உன்னோடது ஷிஃப்ட் வேலை. அதைத் தூக்கிப் போடு. ஸ்ட்ரிப் வேணும்னா மாசத்துல ஒரு அஞ்சு நாள் பாரு. அதுவும் தலைவலியா இருந்தா விட்டுடு. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை நிம்மதியா சேர்ந்து இருந்தாலே தாராளம்."

"பஸ் ஓட்டறதால ஏதாவது..."

"உனக்கென்ன? இஞ்சின் சூட்டுல மணிக்கணக்கா உக்கார்றதுக்கு ஆம்பளைங்கதான் கவலைப்படணும். சூடு அவங்களுக்குத்தான் ஆகாது" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அஞ்சு நாள், அவ்வளவுதான்" என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மனுஷன் நன்றாகக் கேட்டுக்கொள்வார், அதில் குறையே இல்லை. கேட்டதைக் கட்டம் போட்டு எழுதாவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வராது. என்னிடம் சொல்லாமல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, டிப்போ சார்ட்டையே வெறுமையாக்கி, எங்கள் வீட்டுச் சமாச்சாரத்துக்கு ஒரு சார்ட் போட்டிருக்கிறார்.

டிப்போ சார்ட்டில் பச்சைக் கட்டம் என்றால் டியூட்டி, மஞ்சள் என்றால் ஸ்டாண்ட்பை, சிவப்பு என்றால் ஓய்வு. எங்கள் சார்ட்டிலும் அதேதான். மஞ்சள் நாட்கள் ஸ்ட்ரிப் பார்க்க. சிவப்பு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை ஐந்து பச்சைக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் தடித்த எழுத்தில் 'கட்டாய டியூட்டி'. தலைப்பில் என் பேட்ஜ் நம்பர். அடியில் குறிப்புகள் வேறு. 'மஞ்சள் நாட்களில் டெஸ்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர் குறைக்கவும். பச்சை நாட்களில் சண்டை கூடாது. சிவப்பு வந்தால் எதுவும் கேட்காமல் டீ போட்டுக் கொடுக்கவும்.'

மாதக் கடைசியில் டிப்போ போன் குழுவுக்கு அடுத்த மாதச் சார்ட்டை அனுப்புவது அவர் வேலை. அனுப்பினார். எதை அனுப்பினார் என்று இனிமேல் நான் வேறு சொல்ல வேண்டுமா?

நான் அப்போது கடைசி நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் துடித்தது, மறுபடி துடித்தது, நிற்கவே இல்லை. 

'சார், 13லிருந்து 17 வரை கட்டாய டியூட்டி போட்டிருக்கீங்க. மச்சினன் கல்யாணம், மாத்திக் குடுங்க.'

'எல்லாருக்குமா சார் கட்டாயம்? ஸ்பேர் ஆளுங்களுக்குமா?'

'சண்டை கூடாதுன்னு இருக்கே, கண்டக்டர்கூடவா, பயணிகள்கூடவா?'

'தண்ணீர் குறைக்கவும்னா ரேடியேட்டர்லயா?'

பிறகு யாரோ எழுதினார்கள்: 'மேல யாரோட பேட்ஜ் நம்பர்னு பாருங்கப்பா.'

அதற்குப் பிறகு இரண்டு நிமிஷம் குழுவில் ஒரு சத்தமும் இல்லை. அந்த இரண்டு நிமிஷம்தான் என்னைக் கொன்றது. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் கைதட்டும் படம் ஒன்றைப் போட்டான். அதன் பிறகுதான் என் கணவர் அந்தச் சார்ட்டை அழித்தார். அழித்து என்ன லாபம்? பாதிப் பேர் போனில் இறக்கி வைத்தாயிற்று. விஷயம் புரியாத ஒரு டிரைவர் நிஜமாகவே பதின்மூன்றாம் தேதி தன் ஓய்வு நாளில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு விடிகாலையில் வந்து நின்றார்.

சார்ட் வந்த அன்று நான் டிப்போவுக்குள் பஸ்ஸைத் திருப்பியபோது அவர் முற்றத்தில் ஓடி வந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை.

"தப்பா அனுப்பிட்டேன்மா."

கோபம் வந்தால் எனக்கு மரியாதை எல்லாம் பறந்துவிடும். "யோவ், அனுப்பினது தப்பில்லய்யா. போட்டதே தப்பு! எனக்குத் தெரியாம என் உடம்புக்கு எப்படிய்யா சார்ட் போட்ட?"

சுற்றி நின்ற மெக்கானிக்குகள் திடீரென்று ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கவே கால் வரவில்லை. விசில்தான் படியில் ஏறி வந்து என் டிபன் பையை எடுத்துக்கொண்டாள்.

"சிரிக்கட்டும்க்கா. நாலு நாள் சிரிப்பானுங்க, அஞ்சாம் நாள் வேற எவனாவது மாட்டுவான்" என்றாள்.

சிரித்தால் பரவாயில்லை என்றுதான் நானும் இருந்தேன். சிரிப்பைவிட இரக்கம் மோசம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் நாத்தனார், அவருடைய அக்கா, எங்களோடுதான் இருக்கிறார். என் கணவருக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மா போய்விட, கல்யாணமே செய்துகொள்ளாமல் யூனிஃபார்ம் தைத்துத் தைத்துத் தம்பியை ஆளாக்கியவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் காதுக்கு விஷயம் போக இரண்டு நாள்கூட ஆகவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எட்டு மாசம். ஒரே வீட்டுல இருக்கேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. டிப்போ பூரா தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரியுது."

அது அவருக்கு வலித்திருக்கும். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. "தப்புதான் அண்ணி" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்ததைப் போட்டார்.

"நாள் பூரா அந்த சீட்டுல குலுங்கிக் குலுங்கி உக்காந்திருந்தா வயித்துல எப்படி தங்கும்? பொம்பளைக்கு வேற வேலையா இல்ல?"

"டாக்டரம்மா ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க அண்ணி."

"டாக்டரம்மா பஸ்ஸா ஓட்டறாங்க?" என்று கேட்டுவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் அதோடு விடவில்லை. அடுத்த நாள் கிளம்பிப் போய் டிப்போ மேனேஜரைப் பார்த்திருக்கிறார். என் தம்பி பெண்டாட்டியைக் கொஞ்ச நாளைக்கு அலுங்காத வேலையில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் இரக்க குணம் உள்ளவர், அதிலும் காரியம் சுலபமாக இருந்தால் இரக்கம் இன்னும் கூடும். புது மாதச் சார்ட் போர்டில் ஒட்டியபோது என் வரிசையில் பன்னிரண்டு இல்லை. முப்பது கட்டத்திலும் 'பாஸ் கவுண்டர்'. அதை டைப் செய்து, அச்செடுத்து, நாலு மூலைக்கும் பின் குத்தி ஒட்டியவர் என் கணவர்.

"மேனேஜர் சொன்னாரு. கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"எவ்வளவு நாளைக்கு?"

"நல்ல சேதி வர்ற வரைக்கும்..."

நல்ல சேதி வரவே வராவிட்டால் நான் ரிட்டயர் ஆகும்வரை பாஸ் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? இதை அவரிடம் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாஸ் கவுண்டர் என்பது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு பசை டப்பா. ஒன்பது நாள் உட்கார்ந்தேன். பாஸ் வாங்க வந்தவர்களைவிட ஆலோசனை சொல்ல வந்தவர்கள்தான் அதிகம். பப்பாளி சாப்பிடாதே என்றார் ஒருவர். இடதுபக்கம் படு என்றார் இன்னொருவர். கவலைப்படாதே, கவலைப்பட்டால் தங்காது என்று ஒரு கண்டக்டர் தினமும் காலையில் வந்து என்னைக் கவலைப்படுத்திவிட்டுப் போனார். ஒரு மெக்கானிக்கின் மனைவி கண்ணாடி ஓட்டைக்குள் கைவிட்டு என் கன்னத்தைத் தட்டினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே பன்னிரண்டாம் நம்பர் போகும். வேறொரு டிரைவர் ஓட்டுவார். வளைவில் திருப்பும்போது கியரை அரைப்பார். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் பல் கூசும். கையில் ஸ்டியரிங் இருந்த நாட்களில், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது நான் முட்டையை மறந்திருந்தேன். லாரிக்காரன் குறுக்கே வருவான், திட்டுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படியில் தொங்கும், அதட்டுவேன். இங்கே ஸ்டூலில் உட்கார்ந்தால் வயிற்றைத் தவிர நினைக்க வேறு எதுவும் இல்லை. எந்த வேலை என்னைப் பைத்தியமாகாமல் வைத்திருந்ததோ, அதைத்தான் என் நல்லதுக்காக என்று பிடுங்கியிருந்தார்கள்.

பத்தாம் நாள் பசை டப்பாவை மூடி வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குள் போனேன். என் கணவரும் அங்கே இருந்தார், ஏதோ லீவு விண்ணப்பங்களோடு. நல்லதாகப் போயிற்று.

"சார், என்னை எதுக்கு வண்டியிலிருந்து எடுத்தீங்க?"

"உன் நல்லதுக்குத்தாம்மா. உங்க அண்ணி வந்து அவ்வளவு தூரம் சொன்னாங்க. பெரியவங்க மனசு கஷ்டப்படக் கூடாதில்ல."

"சரி சார். அதை எழுதிக் குடுத்துடுங்க."

"எதை?"

"காரணத்தை. டிரைவரை வண்டியிலிருந்து எடுத்தா காரணம் எழுதணுமில்ல? 'இந்த டிரைவருக்கு இன்னும் குழந்தை உண்டாகலை, அதனால பஸ் ஓட்டக் கூடாது'ன்னு எழுதி, சீல் வெச்சுக் குடுங்க. நான் ஃப்ரேம் போட்டு மாட்டிக்கறேன்."

மேனேஜர் நாற்காலியில் அசைந்தார். "இதையெல்லாம் எப்படிம்மா எழுதறது? சூடும்மா. இஞ்சின் சூடு உடம்புக்கு ஆகாது."

"ஆமா சார், ஆகாது. டாக்டரம்மாகிட்ட நானே கேட்டேன். சூடு ஆம்பளைங்களுக்குத்தான் ஆகாதாம். நம்ம டிப்போல எத்தனை ஆம்பளை டிரைவர்? அறுபத்தெட்டு பேரா? கல்யாணமானவங்க, ஆகப் போறவங்க, எல்லாரையும் இறக்குங்க. கவுண்டர்ல இன்னும் அறுபத்தெட்டு ஸ்டூல் போடுங்க. எல்லாரும் சேர்ந்து பாஸ் ஒட்டறோம்."

ஜன்னலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த யாருக்கோ புரை ஏறியது. மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"இப்படியெல்லாமா பேசுறது? கொஞ்சம் மெதுவா..."

"எதுக்கு சார் மெதுவா? என் தேதி எல்லாருக்கும் தெரியும். நான் எப்ப ஸ்ட்ரிப் பார்க்கறேன்னு தெரியும். நான் எப்ப தண்ணி குடிக்கணும்னு தெரியும். இனிமே மறைக்க என்கிட்ட என்ன இருக்கு? எனக்குக் குழந்தை வேணும் சார். ரொம்ப வேணும். அது என் ஆசை. அதைக் காட்டி என் வண்டியைப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்ல."

கடைசி வாக்கியம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன். மேனேஜர் என் கணவர் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா சார்ட்டு, நீயே சொல்லு. உன் சம்சாரம். நீ என்ன சொல்றியோ அதான்."

"அவர்கிட்ட எதுக்கு சார் கேக்கறீங்க? வண்டி ஓட்டறது நான்" என்றேன்.

என் கணவர் கையிலிருந்த விண்ணப்பங்களை மேஜையில் வைத்தார். அவர் மேனேஜரிடம் இதுவரை 'சரி சார்' தவிர வேறு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"சார்ட்டுல தப்பு சார். திருத்திடறேன்" என்றார்.

"யாரோட தப்பு?" நான் விடவில்லை.

"என்னோடது." என்னைப் பார்த்தே சொன்னார். "மொத சார்ட்டும் என் தப்பு, இந்தச் சார்ட்டும் என் தப்பு."

அன்று மத்தியானமே போர்டில் புதுத்தாள் ஏறியது. வாசலில் நின்ற டிரைவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், "அந்த அறுபத்தெட்டு ஸ்டூலு எப்பக்கா வருது?" என்று கேட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் அண்ணி பேச்சை நிறுத்திக்கொண்டார். நேர் பேச்சு போய், சுவரோடு பேச்சு வந்தது. 'சிலருக்குப் பட்டாத்தான் தெரியும்' என்று மெஷினிடம் சொல்வார். அவர் தைக்கிற கடை பன்னிரண்டாம் நம்பர் வழியில்தான். ஆனாலும் என் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று சுற்றிக்கொண்டு வேறு பஸ்ஸில் போனார்.

அறைக்குள் எங்கள் இருவருக்கும் இன்னொரு கச்சேரி நடந்தது. எதற்காக அந்தச் சார்ட்டைப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"மாசா மாசம் நீ பாத்ரூம்லேருந்து வெளிய வர்றப்ப உன் முகத்தைப் பார்க்க முடியலை. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்." சொல்லிவிட்டு அழுதுவிட்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியை நான் விடவில்லை, அது எனக்கு வேண்டியிருந்தது.

"இனிமே கட்டம் கிடையாது. நான் மாசத்துல அஞ்சு நாள் ஸ்ட்ரிப் பார்ப்பேன். பார்த்தேன்னு உங்ககிட்ட சொல்லணும்னு தோணினா சொல்வேன், இல்லைன்னா இல்ல. நீங்க என் மூஞ்சியைப் பார்த்துத் தேதி கண்டுபிடிக்கக் கூடாது. வருஷம் முடிஞ்சு டாக்டர்கிட்ட போனா உங்க டெஸ்ட்தான் மொதல்ல. ஒரு டப்பா, அஞ்சு நிமிஷம். எனக்கு ஊசி குத்தறதுக்கு முன்னாடி நீங்க டப்பா."

"சரி" என்றார், மேனேஜரிடம் சொல்வதுபோல. அப்புறம் இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. தெர்மாமீட்டரை பஸ்ஸின் முதலுதவிப் பெட்டியில் போட்டேன். காய்ச்சல் வந்த பயணி யாருக்காவது உதவட்டும்.

அந்த மாதம் எங்கள் பழைய சார்ட்டின்படி ஒன்றுக்கும் உதவாத ஒரு வெள்ளைக் கட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணி கடைக்குப் போயிருந்த நேரம், எந்தக் கட்டாயமும் இல்லாமல் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். எத்தனையோ மாதம் கழித்து அவர் என்னைப் பார்த்தார், தேதியைப் பார்க்கவில்லை. மற்ற நாட்களும் இருந்தன. அவற்றை நான் யாருக்கும் சொல்வதாக இல்லை.

பிறகு இரண்டு நாள் தள்ளிப்போனது.

யாரிடமும் சொல்லவில்லை. கவலைப்படக் கூடாது என்று தீர்மானம் எடுத்தவள்தான். ஆனால் மனசு தீர்மானத்தையெல்லாம் மதிக்குமா? ஸ்பீட் பிரேக்கர் வந்தால் வழக்கத்தைவிட மெதுவாக ஏறி இறங்கினேன். விசில் ஒருதடவை திரும்பிப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மூன்றாம் நாள் கடைசி நிறுத்தத்தில் வந்துவிட்டது. கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குழந்தை வேண்டும் என்று கேட்டு அழுதேன், யாரிடம் கேட்டேன் என்று தெரியாது. வயிறு வலித்தது, நெஞ்சு அதைவிட வலித்தது. பிறகு முகத்தைக் கழுவி, யூனிஃபார்ம் காலரைச் சரிசெய்துகொண்டு, கிளம்புகிற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னதாக வெளியே வந்தேன்.

பஸ்ஸின் முன்படியில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். கையில் நூல்கண்டுப் பை. அங்கே மொத்தக் கடையில் நூல் வாங்க வந்திருக்கிறார், திரும்பிப் போக வேறு பஸ் இல்லை போலிருக்கிறது. நான் ஏறி சீட்டில் உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்தார். மூன்று வாரமாகச் சுவரோடு பேசியவர் என்னிடம் நேராகவே கேட்டார்.

"ஏன் கண்ணு செவந்திருக்கு?"

"வந்துடுச்சு அண்ணி. ரெண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. இப்ப வந்துடுச்சு."

முன் சீட்டுக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கத் தொடங்கினார்கள். அண்ணியின் கை படிக்கம்பியில் இறுகியது.

"நான் அன்னைக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இந்த சீட்டுல உக்காராத, உக்காராதன்னு..."

"அண்ணி." நான் கத்தவில்லை. "அழுதுட்டுத்தான் வர்றேன். இன்னும் அழுவேன். வீட்டுக்கு வந்து உங்க மடியில படுத்துகூட அழுவேன், நீங்க விட்டா. அடுத்த மாசமும் பார்ப்பேன், அதுக்கடுத்த மாசமும் பார்ப்பேன். ஆனா இந்த சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டேன். இப்ப பஸ் கிளம்பற நேரம். ஏறினா ஏறுங்க, இல்லைன்னா இறங்குங்க."

விசில் வாயில் விசிலை வைத்தபடி ஊதாமல் நின்றாள். பின்னால் யாரோ, "வண்டி போகுமா போகாதா?" என்று குரல் கொடுத்தார். அண்ணி ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றார். பிறகு மேலே ஏறி, எனக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தார்.

"கடைக்குத்தானே அண்ணி? நாலாவது ஸ்டாப்பு" என்று விசில் டிக்கெட் எடுக்கப் போனாள்.

"டிப்போ வரைக்கும் குடு" என்றார் அண்ணி.

டிப்போவுக்கு இன்னும் முப்பத்திரண்டு நிறுத்தம் இருந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். நூல்கண்டுப் பையை மடியில் வைத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் முகத்தைக் கடுகடுவென்று ஆக்கிக்கொண்டார்.

"மெதுவாப் போ" என்றார்.

"எப்பவும் போற வேகத்துலதான் போவேன் அண்ணி. கம்பியைப் பிடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டார். நான் வண்டியை எடுத்தேன்.